சீட் பெல்ட் போட்ட நாற்காலி

பழைய கார்களை உடைத்து விற்கும் கடையில் அவளுக்கு வெல்டிங் வேலை. பக்கவாதம் வந்த மாமனார் எதில் உட்கார்ந்தாலும் ஒரு பக்கமாகச் சரிந்துவிடுவார். அதனால் ஒரு காரின் முன்சீட்டுக்கு இரும்புக் கால் வைத்து, சீட் பெல்ட்டோடு அவருக்கு நாற்காலி செய்து கொடுத்தாள். மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்து வாய் ஓயாமல் பேச ஆரம்பித்தார்.

நாத்தனார் தன் புது சம்பந்தியம்மாவைக் கூட்டிக்கொண்டு வருகிறாள் என்றதும் மருமகளுக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது. ஓட்டை உடைசலால் வீட்டை நிரப்பியிருக்கிறாள் என்று சிரிப்பார்களே! சீட்டைச் சமையலறைக்குள் தள்ளிக் கதவை மூடிவிட்டு, இரவல் வாங்கிய பிளாஸ்டிக் நாற்காலியில் மாமனாரை உட்கார வைத்தாள்.

“எனக்கு அதுதாம்மா சௌகரியம்.”

“கொஞ்ச நேரம்தான் மாமா, பொறுத்துக்கங்க.”

எல்லாரும் டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே அவர் சரிந்து தொப்பென்று தரையில் விழுந்தார்.

“ஐயோ, அப்பா!” என்று நாத்தனார் அலறினாள்.

மருமகள் ஓடிப்போய்ச் சீட்டை இழுத்து வந்தாள். அவரைத் தூக்கி அதில் உட்கார வைத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே பெல்ட்டை மாட்டினாள்.

“அடி ஒண்ணும் படலைம்மா, நீ அழாதே,” என்றார் அவர்.

சம்பந்தியம்மா பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தாள். “நல்லாயிருக்கே! யார் செஞ்சது?”

“நான்தான்” என்று சொல்லக் கூசி, மருமகள் பெல்ட்டை இன்னொரு முறை சரிசெய்தாள்.