அப்பாவின் வலது கால்

என் சித்தப்பா பிஷப். திருவனந்தபுரத்தில் பிஷப்பை 'பிதாவே' என்றுதான் கூப்பிடுவார்கள். சித்தப்பா என்ற சொல்லை நாங்கள் வீட்டுக்குள் மட்டும் வைத்திருந்தோம்.

போனக்காட்டுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில், கூலிகளின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவர். பெயர் சூசைமிக்கேல். தாத்தா செத்தபோது வீட்டில் ஒரு பிள்ளைதான் படிக்க முடியும் என்றானது. அண்ணனான என் அப்பா வியாகப்பன் பள்ளிக்கூடப் பையை ஆணியில் மாட்டிவிட்டுக் கவாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு தேயிலைச் செடி வெட்டப் போனார். தம்பி பாதிரியார் படிப்புக்குச் செமினாரிக்குப் போனார். இதைத் தியாகம் என்றெல்லாம் அப்பா சொன்னதே கிடையாது. "எனக்குக் கணக்கு வராது, அவனுக்கு வரும்" என்பார். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

சித்தப்பா குருப்பட்டம் வாங்கி, ரோமுக்குப் போய் இன்னும் படித்து, செமினாரியில் பாடம் நடத்தி, தொண்ணூற்றேழில் பிஷப் ஆனார். பிஷப் ஆகிறவர் தனக்கென்று ஒரு சின்னம் வைத்துக்கொள்ள வேண்டுமாம். இரண்டு இலையும் ஒரு கொழுந்தும் வைத்துக்கொண்டார். தேயிலைத் தோட்டத்தின் மகன் என்று பேப்பரில் எழுதினார்கள். அபிஷேகத்தன்று மந்திரிமார், முதலாளிமார், கன்னியாஸ்திரீகள் எல்லோருக்கும் பின்னால் எங்களுக்கு இடம் கிடைத்தது. "கொழுந்து முன்னால இருக்கு, அதக் கிள்ளினவ பின்னால இருக்கா" என்று அம்மா என் காதில் சொன்னாள். அம்மா ரோஸுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அதற்குப் பிறகு அவர் லயத்துப் பக்கம் வரவில்லை. கெட்ட மனிதர் இல்லை. கிறிஸ்துமஸுக்கு டிரைவரிடம் கேக் கொடுத்தனுப்புவார். டிரைவரிடம் அப்பா ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்விதான் கேட்பார்: "பிதாவு எப்பம் வரும்?" அதைக் கேட்கும்போது எனக்கு உடம்பெல்லாம் கூசும்.

பிறகு தோட்டம் பூட்டிக்கிடந்தது. நான் திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். அப்பா அங்கே இங்கே கூலிக்குக் கவாத்து வெட்டப் போனார். ஒருநாள் கத்தி நழுவி வலது பாதத்தில் இறங்கியது. சர்க்கரை உடம்பு, புண் ஆறாமல் அழுகி, நாற்றம் எடுத்தது.

அந்த வருஷம், இயேசு சீடர்களின் பாதம் கழுவிய பெரிய வியாழனன்று, பூட்டிய தோட்டத்துக்கே வந்து பன்னிரண்டு தொழிலாளிகளின் பாதம் கழுவப்போவதாகச் சித்தப்பா அறிவித்தார். எங்கள் பங்குக்கோவில் பாதிரியார் பிரஜின் அச்சன், சின்ன வயதுக்காரர், துள்ளிக்கொண்டு வந்தார்.

"பன்னிரண்டு பேரில நீங்களும் உண்டு, கேட்டோ. பிதாவுகிட்ட நான் சொல்லல்ல. பாத்ததும் சந்தோஷப்படும்."

புண்ணைப் பற்றி அப்பா அவரிடம் மூச்சு விடவில்லை. அச்சன் போனதும் அம்மா பிடித்துக்கொண்டாள். "கழுவுறது வலது கால, தெரியுமில்லியா? இந்தக் கால எங்க கொண்டு வைப்பீரு?"

"இடது கால நீட்டுவேன். அவன் எங்கிட்ட வந்து குனியட்டும், அது போதும். எனக்க காலக் கண்டு ஊருக்கு முன்னால அவனுக்கு நாணக்கேடு வரப்பிடாது."

தோட்டத்துக் கோவிலில் சாயங்காலப் பூசை. சித்தப்பா மலையாளத்தில் பிரசங்கம் வைத்தார். கோவிலில் இருந்த பாதிப்பேர் தமிழில் மட்டும் ஜெபிக்கிறவர்கள். நானும் இந்த மண்ணின் பிள்ளை என்றார். பிறகு மேலாடையைக் கழற்றி, இடுப்பில் துண்டு கட்டி, வரிசையின் முன் மண்டியிட்டார். பின்னாலேயே ஒருவர் மைக்கையும் இன்னொருவர் கேமராவையும் பிடித்துக்கொண்டு நகர்ந்தார்கள். பாதம் கழுவுகிறவர் முகத்தைப் பார்ப்பதில்லை. கால், தண்ணீர், துண்டு, முத்தம், அடுத்த கால். அப்பா கடைசியில் உட்கார்ந்திருந்தார். பழந்துணி சுற்றிய வலது காலை வேட்டிக்குள் இழுத்துக்கொண்டு இடது காலை நீட்டினார்.

சித்தப்பாவின் கை நின்றது. தலை நிமிரவில்லை.

"வலத்தே காலு" என்றார். குரலில் எரிச்சல். மைக் அதைக் கோவில் முழுக்கக் கொண்டுபோனது.

"வேண்டாம் பிதாவே. இது மதி, போதும்."

அந்தக் குரலுக்குத்தான் அவர் நிமிர்ந்தார். அண்ணன் முகத்தைப் பார்த்தார். வேட்டிக்கடியில் துருத்திக்கொண்டிருந்த துணியைப் பார்த்தார். வாடையும் போய்ச் சேர்ந்திருக்கும். கேமராக்காரர் இன்னும் கிட்டே வந்தார். சித்தப்பா அவசரமாக இடது காலில் தண்ணீர் ஊற்றி, துடைத்து, முத்தமிட்டு, எழுந்து பீடத்துக்குப் போய்விட்டார். என் அப்பாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு அங்கே உட்காரவே கேவலமாக இருந்தது. சித்தப்பாவுக்காகவா, எங்களுக்காகவா என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா என்னிடம் சொன்னார். "நல்லவேள மக்களே, ஒருத்தரும் கண்டுபிடிக்கல்ல."

அச்சனின் வீட்டில் பிஷப்புக்குச் சாப்பாடு காத்திருக்க, சித்தப்பா தனியாக லயத்துக்கு நடந்து வந்தார். அங்கியின் ஓரமெல்லாம் சேறு. வாசலில் நின்று, "மதினி, ஒரு பேசின்ல தண்ணி தருவீங்களா?" என்று கேட்டார். தமிழ் தட்டுத்தடுமாறி வந்தது. அம்மா பேசினைக் கொண்டுவந்து டங்கென்று வைத்தாள். அவர் தரையில் உட்கார்ந்து அப்பாவின் வலது காலைப் பிடித்தார். அப்பா வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"அண்ணே, கழுவ விடு. எனக்கு வெக்கமா இருக்கு."

"இதுல தண்ணி படப்பிடாதுன்னு கம்பவுண்டர் சொல்லியிருக்காரு பிதாவே. தொட்டா இன்னும் அழுவுமாம்."

சித்தப்பா பேசினைப் பிடித்தபடி அழுதார். தம்பி அழுவதை அப்பாவால் பார்க்க முடியவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் சுற்றிப் பார்த்தார். பிறகு இடது காலைத் தூக்கிப் பேசினுக்குள் வைத்தார்.

"வேணும்னா இதயே இன்னொரு மட்டம் கழுவுங்க பிதாவே."