அரைக் கட்டை, அரைக் கட்டையாக

ஓசூரில் என் வேலை என்னவென்று சொன்னால் யாருக்கும் புரிவதில்லை. மியூசிக் புரொட்யூசர் என்றால் எந்தக் கம்பெனியில் என்று கேட்பார்கள். கம்பெனி இல்லை, வீட்டில்தான் என்றால் முகத்தில் இரக்கம் வந்துவிடும். தெரிந்த காண்டிராக்டர் ஒருவர் ஆள் எடுப்பதாகச் சொல்லி நம்பர் தருவார்கள். ஷிஃப்ட் இல்லாத மனிதன் இந்த ஊரில் நோயாளி மாதிரி. குருபரப்பள்ளிப் பக்கம் ஒரு ஓட்டலுக்கு நான் போட்ட விளம்பரப் பாட்டு இன்றும் ஓடுகிறது. இட்லி சூடாக இருக்கிறது என்ற வரியில் இன்னும் உருக்கம் வேண்டும் என்றார் முதலாளி. வயலின் சேர்த்துக் கொடுத்தேன். தொழிற்சாலைகளின் பாதுகாப்பு வாரத்துக்குத் தமிழ், கன்னடம், தெலுங்கு என்று மூன்று மொழிகளில் தலைக்கவசப் பாட்டு செய்திருக்கிறேன். மூன்றுக்கும் ஒரே மெட்டு. இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை, கேட்டால்தானே கண்டுபிடிக்க.

இதுபோக மேடைக் கச்சேரி. எங்கள் குழுவில் கீபோர்டுக்கு நான், ரிதம் பேடுக்கு ஒருவர், பாட ஒரு அண்ணன், ஒரு அக்கா. அக்காவுக்கு ஐம்பதை ஒட்டிய வயது. பகலில் ரோஜாப் பண்ணையின் குளிர் அறையில் நின்று ஏற்றுமதிக்குப் பூ தரம் பிரிப்பார். வீட்டில் தெலுங்கு, பண்ணையில் கன்னடம், மேடையில் எது கேட்டாலும். நான் வாசித்ததிலேயே சுத்தமான குரல் அவருடையது.

நாலு வருஷத்துக்கு முன்னால் மத்தூரில் ஒரு வரவேற்பில், சரணத்தின் உச்சியில் அந்தக் குரல் லேசாக வழுக்கியது. அக்கா இறங்கி வந்து வெந்நீர் குடித்துவிட்டு மைக்செட்காரரைத் திட்டினார். அடுத்த கச்சேரியில் நான் ஒரு நல்ல காரியம் செய்தேன். கீபோர்டில் சுருதியை இறக்க ஒரு பட்டன் உண்டு, ஒரு தட்டுக்கு அரைக் கட்டை இறங்கும். அவர் பாட வருமுன் ஒரு தட்டு தட்டினேன். அக்கா ஜம்மென்று பாடிவிட்டு, இன்றைக்குத் தொண்டை நன்றாக இருக்கிறது என்றார். குழுவில் சுருதி சொல்ல வேறு வாத்தியம் இல்லாததால் விஷயம் என்னோடு நின்றது. வருஷத்துக்கு ஒரு தட்டு வீதம் நாலு தட்டு ஆனது. அதாவது இரண்டு கட்டை. இந்த வயதிலும் ஒரிஜினல் சுருதியில் பாடுகிறேன் என்று அவர் புதுப் பாடகிகளிடம் சொல்லும்போதெல்லாம் நான் குனிந்து வயரைச் சரிபார்ப்பேன். என்னை நானே பெரிய வள்ளல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன ஆயுத பூஜைக்கு ஒரு தொழிற்சாலையில் பகல் கச்சேரி. இயந்திரங்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. அக்காவின் மகள் அங்கேதான் அசெம்ப்ளி லைனில் வேலை செய்கிறாள். அம்மா மேடையில் பாடி அவள் கேட்டதே இல்லையாம். லைன் தோழிகள் எட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு, பட்டுப்புடவையில், முன் வரிசையில் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

அப்போது ஹெச்.ஆர். அதிகாரி பென்டிரைவோடு வந்தார். எல்.இ.டி. திரையில் படம் ஓடும், ஒரிஜினல் இசை அதிலேயே வரும், பாடினால் போதும் என்றார். நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். வாசிப்பது போல் நின்றால் போதுமாம். பல வருஷம் பயிற்சி எடுத்ததற்கு ஒரு அர்த்தம் கிடைத்தது. பிறகு அக்காவிடம், ஒரிஜினல் சுருதி சரியாக இருக்குமா என்று கேட்டார்.

"நான் எப்பவும் அதுலதான் சார் பாடறது," என்றார் அக்கா.

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். மேடை ஏற இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. அந்தப் பத்து நிமிஷமும் நான் டீ குடித்தேன்.

பல்லவியை எப்படியோ இழுத்துப் பிடித்துவிட்டார். சரணத்தில் குரல் ஏறி, நின்று, உடைந்தது. இன்னொரு முறை முயன்றார், மறுபடி உடைந்தது. பென்டிரைவ் யாருக்கும் காத்திருக்காமல் போய்க்கொண்டே இருந்தது. பின்னால் யாரோ விசில் அடித்தார்கள். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். நான் எங்கும் இணைக்கப்படாத கீபோர்டில் விரல்களை ஓட்டிக்கொண்டு நின்றேன். வெட்கமாக இருந்தது.

இரண்டாம் ஷிஃப்டுக்காரர்கள் வரும்வரை இடைவேளை. இந்த முறை அக்கா மைக்செட்காரரைத் திட்டவில்லை. பொரிப் பொட்டலத்தோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எவ்ளோ எறக்கி வச்சிருந்த தம்பி?"

ஸ்பீக்கரில் ஏதோ கோளாறு என்றேன். அவர் பொரியைக் கொறித்தபடி காத்திருந்தார். கடைசியில் இரண்டு கட்டை என்றேன். எத்தனை வருஷமாக என்றார். நாலு என்றேன். நீங்கள் வருத்தப்படக் கூடாது என்றுதான் செய்தேன் என்றும் சொன்னேன்.

"சொல்லியிருந்தா நானே எறக்கிக் கேட்டிருப்பேன் இல்ல. வயசானா எறக்கிப் பாடறதுல என்ன தப்பு? இப்ப எம் பொண்ணு எதிர்ல என்னப் பொய்க்காரி ஆக்கிட்டியே."

நாலு வருஷமாக நான் காப்பாற்றி வந்தது அவர் மனதை அல்ல, அந்தப் பேச்சைப் பேசப் பயந்த என்னையே.

ஷிஃப்ட் மாறிக் கூட்டம் நிறைந்தது. மகள் வீட்டுக்குப் போகாமல் அதே இடத்தில் இருந்தாள், தோழிகள் இரண்டு பேராகக் குறைந்திருந்தார்கள். ஹெச்.ஆர். அதிகாரி அடுத்த டிராக்கைப் போடச் சொன்னார். வேண்டாம் சார் என்று அக்கா மைக்கிலேயே சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"எனக்கு ரெண்டு கட்டை பத்தாது தம்பி. ரெண்டரை எறக்கிக் குடு."

கூட்டம் முழுக்கக் கேட்டது. நான் வயரைச் சொருகி, எல்லோரும் பார்க்க, பட்டனை ஐந்து முறை தட்டினேன். அக்கா மகளைப் பார்த்துக்கொண்டே பாட ஆரம்பித்தார். அந்தப் பக்கம் பார்க்க எனக்குத்தான் தைரியம் வரவில்லை.