வண்டி அடுத்து வரும் ஊர்

செல்போனை அடுத்தவர் கையில் கொடுப்பதற்கு முன் சுகன்யா ஒரு முழுக் கடலை உருண்டையை வாயில் அடைத்துக்கொள்வாள். வாய் சும்மா இருந்தால் "அங்க இல்லீங்க, கீழ தள்ளுங்க" என்று தன்னை அறியாமல் சொல்லிவிடுவாள். சொல்லிவிட்டால் சோதனை கெட்டது. திருச்செங்கோடு பேருந்து நிலையத்தில், உச்சி வெயிலில், முன்பின் தெரியாத ஒருவரிடம் "ஏனுங்க, இந்தக் கடைக்குப் போன் பண்ணோணும், எப்படின்னு பாருங்களேன்" என்று கேட்டுவிட்டு, உருண்டையை உள்ளே தள்ளி, விரிசல் விட்ட பழைய போனை நீட்டுவாள். பிறகு இரண்டு கன்னமும் உப்ப நின்று, அந்த ஆளின் கட்டைவிரல் எங்கே தயங்குகிறது என்று மட்டும் பார்ப்பாள். விரல் தயங்கிய இடம் அன்று சாயங்காலமே மாறிவிடும்.

சிறு தொழில்காரர்களுக்கு வெப்சைட் செய்து தருவது அவள் பிழைப்பு. வயது முப்பத்தாறு. சங்ககிரி ரோட்டில் டயர்க் கடைக்கு மேலே ஓர் அறை, ஒரு கம்ப்யூட்டர், மேஜைமேல் ஒரு தேங்காய் எண்ணெய் பாட்டில். எண்ணெய் தலைக்கு அல்ல. கட்டைவிரலில் தடவிக்கொண்டு, தான் செய்த பட்டனைத் தானே அழுத்திப் பார்ப்பாள். "கிரீஸ் கையோட இருக்கறவருக்கும் அமுங்கோணும். இல்லாட்டி அது பட்டன் இல்லீங்க, நெத்திப் பொட்டு" என்பாள்.

வேலையை ஒத்துக்கொண்டதும் அவள் கேட்பது நிறத்தையோ படத்தையோ அல்ல. கடைப் போனுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி. ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து, கூப்பிடுகிறவர்கள் கேட்பதை வார்த்தை மாறாமல் நோட்டில் எழுதுவாள். ஒரு செக்குக்காரர் தன் பரம்பரைப் பெருமையை நான்கு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தார். நோட்டைப் பார்த்தால் ஆளுக்கு ஆள் கேட்டது ஒன்றைத்தான்: "எள்ளு கொண்டாந்தா ஆட்டித் தருவீங்களா?" "தருவோம்" என்ற பதில் முதல் பக்கத்தில் ஏறியது, பரம்பரை கடைசிக்குப் போனது. செக்குக்காரர் பத்து நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. எள் மூட்டைகள் வரத் தொடங்கியதும் தானாகவே பேசினார்.

இப்படிப்பட்ட சுகன்யாவையே முழி பிதுங்க வைத்தவர் கந்தவேல். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் எடுபிடியாக ஏறி, முப்பது வருடம் ஊர் ஊராகச் சுற்றி, சொந்தமாக ஒரு பழைய வண்டி வாங்கியவர். அவருக்கு வேலை பிடித்துக் கொடுத்த ஏஜெண்ட், தானே ஒரு வண்டி வாங்கி எதிர்க்கடை விரித்துவிட்டார். "சித்திரைக்குள்ள புது ஆளுக போன் அடிக்கலீன்னா வண்டிய வித்துப்போட வேண்டியதுதான் அம்மிணி" என்றார் கந்தவேல். சொல்லும்போது அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்கச் சுகன்யாவுக்குக் கஷ்டமாக இருந்தது.

ஆனால் வெப்சைட் என்று வந்தால் மனிதர் ராஜாவாகிவிட்டார். வண்டி திரையில் ஓட வேண்டும். கம்ப்ரஸரின் பெயரும் பவரும் கொட்டை எழுத்தில் வர வேண்டும். ஆயுத பூஜையன்று வண்டிக்குப் போட்டதில் ஒரு மாலையைத் தன் கழுத்துக்கும் மாற்றிக்கொண்டு எடுத்த படம் உச்சியில் இருக்க வேண்டும்.

"மாலை போட்ட படம் வேண்டாங்கண்ணா. பாக்கறவங்க துக்கம் விசாரிக்கத்தான் போன் பண்ணுவாங்க."

கந்தவேல் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். படம் போயிற்று. ஓடும் வண்டி போயிற்று. கம்ப்ரஸரைக் காப்பாற்ற மட்டும் இரண்டு டீ வரைக்கும் போராடித் தோற்றார்.

கந்தவேலின் போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த நாளில் சுகன்யாவின் நோட்டில் ஆறு அழைப்புகள் பதிவாகியிருந்தன, எல்லாம் பழைய வாடிக்கைகள். ஆறு பேரும் எடுத்த எடுப்பில் கேட்டது: "வண்டி இப்ப எங்க நிக்குதுங்க?" ஆகவே முதல் பக்கத்தில் பெரிதாக ஒரே வரி வைத்தாள்: 'வண்டி இன்று நிற்கும் ஊர்: ஜலகண்டாபுரம்.' அதன் கீழே உள்ளங்கை அகலத்துக்குப் பச்சை நிறத்தில் அழைப்பு பட்டன். இதைவிட எளிதாக யாராலும் செய்ய முடியாது என்று அவளுக்குக் கர்வம்கூட வந்தது.

பத்து நாள் ஆயிற்று. பார்த்தவர்கள் பலர் என்று கம்ப்யூட்டர் கணக்குச் சொன்னது. பட்டனை ஒருவரும் தொடவில்லை. பதினோராம் நாள் சுகன்யா, கடலை உருண்டைப் பொட்டலத்தோடு, ஜலகண்டாபுரத்துக்கு அடுத்திருக்கும் மேச்சேரிக்கே பஸ் ஏறிவிட்டாள்.

மேச்சேரி பேருந்து நிலையத்தில் ஆட்டுத் தீவனப் பையோடு நின்றிருந்தாள் ஆத்தாயி என்ற நடுவயதுக்காரி. இரண்டு ஏக்கர் விவசாயக் காடு, வறண்ட கிணறு. போர் போட வண்டி தேடிக்கொண்டிருப்பவள். போனை வாங்கிப் பார்த்தாள். எழுத்துக் கூட்டாமல் படித்தாள். விரல் பட்டனுக்குமேல் போய் நின்றது. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"ஏனுங்க்கா, அமுத்தலீங்களா?" உருண்டையை அவசரமாக விழுங்கிவிட்டுக் கேட்டாள் சுகன்யா.

"அதான் ஜலகண்டாபுரத்துல நிக்குதுன்னு போட்டிருக்குதே கண்ணு. அங்க வேலையா இருக்கற வண்டி நம்ம காட்டுக்கு எப்ப வாரது? இந்தா, பஸ்ஸப் பாரு. போற ஊரத்தான எழுதி வெச்சிருக்கான்? நிக்கற ஊரயா எழுதுவான்?"

சுகன்யா எதிரே நின்ற பஸ்ஸைப் பார்த்தாள். பழைய வாடிக்கைகள் 'எங்க நிக்குது' என்று கேட்டது 'எங்க பக்கம் எப்ப வரும்' என்பதற்காகத்தான். வார்த்தையை எழுதிக்கொண்டவள் மனசை எழுத விட்டுவிட்டாள். வெட்கமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன. கையிலிருந்த பொட்டலம் முழுவதையும் ஆத்தாயியின் பைக்குள் திணித்துவிட்டு, அங்கேயே நின்று கந்தவேலுக்குப் போன் போட்டாள்.

"அண்ணா, வண்டி அடுத்தாப்புல எங்கீங்க போவுது?"

"வேல வந்தாத்தான அம்மிணி போறது?"

"போறோம்னு சொன்னாத்தாங்க வேல வரும். வியாழக்கெழம மேச்சேரின்னு போடட்டுங்களா?"

வேலை கிடைக்காமல் அந்தக் கனத்த வண்டியை நகர்த்தினால் டீசல் வீண், ஆட்களின் ஒரு நாளும் வீண். அவள் கேட்டது சாதாரணக் காரியமல்ல.

"போடு" என்றார் கந்தவேல் கடைசியில். "ஆனா வாரோம்னு போட்டுப்போட்டா வந்தே ஆகோணும். ஒருத்தன் கூப்பிடாட்டியும் சரி."

அன்று சாயங்காலமே முதல் பக்கத்து வரி மாறியது: 'வண்டி அடுத்து வரும் ஊர்: மேச்சேரி, வியாழக்கிழமை.' சொன்னபடி வியாழக்கிழமை காலை மேச்சேரி எல்லையில், ரோட்டோரக் காலி இடத்தில் வண்டி வந்து நின்றது. ஆட்கள் வேப்பமர நிழலில் கால் நீட்டிப் படுத்துவிட்டார்கள். கந்தவேல் போனை வண்டிப் படியில் வைத்துவிட்டு அதைப் பார்க்காத மாதிரி நடந்துகொண்டிருந்தார். சுகன்யா அந்தப் படியிலேயே உட்கார்ந்திருந்தாள். பத்து மணி ஆயிற்று, பதினொன்று ஆயிற்று.

பதினொன்றேகாலுக்குப் போன் அடித்தது. திரையில் ஏஜெண்ட் பெயரோ பழைய வாடிக்கை பெயரோ இல்லை. வெறும் பத்து எண்கள். கந்தவேல் பாய்ந்து வந்தார்.

சுகன்யா முந்திக்கொண்டு போனை உள்ளங்கையால் மூடினாள். கைக்குள் அது அதிர, கண்ணை மூடி அது ஒரு முறை முழுசாக அடிப்பதைக் கேட்டுவிட்டு, அவரிடம் நீட்டினாள்.