மஞ்சள் தண்ணீரில் என் ஏர் ஃபிரையர்

இல்லை, அந்த ஏர் ஃபிரையர் என்னுடையதுதான். முதல் சம்பளத்தில் வாங்கியது.

என் வாடகை அறை சிறியது என்பதால் வீட்டுக்கார அக்காவின் சமையலறையில் வைத்திருந்தேன். மூன்று மாதமாக அவருடைய வாழைக்காய் வறுவலும் அதில்தான்.

இன்று மதியம் ரொட்டிக்கு நடுவே ஹாமும் சீஸும் வைத்து அதில் சூடாக்கினேன். இந்த நாகலூரில் செல்போன் சிக்னலுக்கு ரோடு வரை போக வேண்டும். ஒரு மெசேஜ் அனுப்பிவிட்டுத் திரும்பினேன்.

சாண்ட்விச் தட்டோடு வாசல் மதிலில் இருந்தது. ஏர் ஃபிரையரின் கூடை குழாயடியில், மஞ்சள் தண்ணீரில்.

“ஏனுங்க டீச்சர், பன்னிக்கறியையா இதுல வெச்சீங்க?”

“என் மெஷின்தானேக்கா?”

“உங்களுதுதானுங்க. கோழின்னா நான் வாயத் தொறப்பனா? நாங்க பொழங்குற சாமானுங்க இது.”

கோபத்தோடு கூடையை எடுக்கக் குனிந்தேன். அக்கா விடவில்லை.

“கழுவியாச்சு, உடுங்க. நாளைக்கு எங்க ஊட்டுக்கு ஒரம்பர வராங்க, வறுவல் நொம்ப போடோணும். அதுக்குள்ள மறுக்கா எதையும் வெச்சுராதீங்க.”

என் பொருளை நானே தீட்டாக்கிவிட்டேனாம். இதற்கு நான் மன்னிப்பும் கேட்க வேண்டுமா, நீங்களே சொல்லுங்கள்.

கூடையைத் துடைத்து, மெஷினை என் அறைக்குத் தூக்கி வந்தேன். ஆறிப்போன சாண்ட்விச்சை அதில் இன்னும் மூன்று நிமிடம் வைத்துச் சாப்பிட்டேன்.