நின்றால் அணைந்துவிடும் கார்

இரண்டு ஆண்டுகளுக்கு முன், கார்த்திகை மாதத்து மழைக் காலையொன்றில், நானுஓயாவில் நடந்தது இது. அன்று என் மனைவிக்கு நுவரெலியா ஆஸ்பத்திரியில் கண் சத்திரசிகிச்சை. ஏழு மாதம் காத்திருந்து கிடைத்த நாள். பத்து மணிக்குள் வார்ட்டில் இருக்க வேண்டும். தவறினால் மறுபடியும் வரிசையின் கடைசி.

லிந்துலையிலிருந்து என் பழைய ஆட்டோ கியர் காரில் புறப்பட்டோம். ஒரு மாதமாகவே அதன் போக்கு எனக்கு விளங்கவில்லை. ஓடும்போது ஒரு குறையும் இராது; நிறுத்தினால் எஞ்சின் தானாக உறுமும், உடனே தணியும், எஞ்சின் வேகம் காட்டும் முள் ஏறி இறங்கி, சில வேளை அணைந்தும் போகும். எங்கள் ஊர் மெக்கானிக், கார் நிற்கையில் எஞ்சினுக்குக் காற்றை அளந்துவிடும் ஐடில் வால்வைக் கழற்றித் துடைத்தார். பிறகு புதிதே மாற்றினார். பயனில்லை. இறைவன் எதையோ உணர்த்துகிறான் என்றெண்ணி, ஓட்டும்போதெல்லாம் பதிகம் பாடிவந்தேன்.

நானுஓயாக் கடைத்தெருவில் பஸ்ஸொன்றுக்கு வழிவிட நிறுத்தினேன். கார் அணைந்தது. எத்தனை முறை கிளப்பினாலும் கியரில் போட்டதும் அணைந்தது.

"பதிகம் பாடிக்கிட்டே தள்ளுங்க, நுவரெலியா வந்துரும்," என்றாள் மனைவி.

அருகே கராஜ் வைத்திருந்த இஸ்லாமியர் ஒருவர் குடையோடு வந்து பானட்டைத் திறந்தார். என்னை அக்சலரேட்டரை இலேசாக மிதிக்கச் சொல்லி, கசிவைக் கண்டுபிடிக்க ரப்பர் குழாய்களின் மேல் ஒவ்வோரிடமாக ஸ்பிரே அடித்தார். ஓரிடத்தில் எஞ்சினின் சத்தம் சட்டென மாறியது. அவர் கையை இழுத்துக்கொண்டு என்னை அழைத்தார்.

"ஐயா, இங்கதான் காத்து உள்ள போகுது. ஆனா இது சாமி கயிறு. நான் கை வைக்க மாட்டேன். நீங்களே அவுத்துடுங்க."

ஆயுத பூசையன்று நானே கட்டியது. மஞ்சள் கிழங்கு கோத்த கயிற்றை வேறெங்கு கட்டுவதென்று தெரியாமல், மெல்லிய குழாயொன்றில் இறுக்கி முடிச்சிட்டிருந்தேன். கிழங்கு ஆடி ஆடிக் குழாயின் முனை கிழிந்திருந்தது. நிற்கும் வேளையில் எஞ்சினுக்கு அளவான காற்றே வேண்டுமாம். வால்வு அளந்து கொடுக்க, கிழிசல் அளவின்றிக் கொடுத்திருக்கிறது.

முடிச்சை அவிழ்த்தேன். அவர் கிழிந்த முனையை வெட்டிவிட்டு, குழாயை மறுபடி செருகிக் கிளிப் போட்டார். முள் அசையாமல் நின்றது. பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் வார்ட்டுக்குள் நுழைந்தோம்.

மனைவியைச் சத்திரசிகிச்சைக்கு அழைத்துச் சென்றதும், எங்கள் ஊர் மெக்கானிக்கிடம் தொலைபேசியில் கேட்டேன். "வால்வைக் கழட்டுன அன்னைக்கே கயித்தப் பாத்தேங்க ஐயா. நீங்க கட்டுனதாச்சே, அதைப் போயி எப்படிங்க குத்தம் சொல்றது?" என்றார்.

என் குழப்பம் அதன்பின்தான் பெரிதாயிற்று. அங்கே கட்டியது பிழையா, அதை என்னிடம் சொல்ல முடியாதபடி நான் வாழ்ந்தது பிழையா? பூசையை நான் விடவில்லை. ஆனால் என்முன் எவரேனும் எதையோ சொல்ல வந்து வாயை மூடிக்கொண்டால், என் பக்தி அவரைத் தடுக்கிறதோ என்று இன்றும் மனம் கலங்குகிறது. என்னவென்று நானே முதலில் கேட்டுவிடுகிறேன்.