நாத்தனார் வந்த ஸ்லைடு

“வாங்கடி வாங்க, வழியிலயே நின்னு ஊர்க்கதை பேசாதீங்க” என்று மைக்ராஸ்கோப்புக்குள் யாரையோ விரட்டிக்கொண்டிருக்கிறாள் சாயக்கா. ஆஸ்பத்திரி லேபில் கட்டிச் சதையை மெல்லிசாகச் சீவி, கண்ணாடி ஸ்லைடில் ஒட்டி, சாயம் ஏற்றுவது அவள் வேலை. உடம்பின் காவல் செல்கள் மட்டும் பழுப்பாகத் தெரியும். மற்றதெல்லாம் நீலம்.

கேட்பதற்கு ஒரு காது கிடைத்தால் போதும், ஆரம்பித்துவிடுவாள். “காவல் செல்லு சும்மா வராது. சதைக்குள்ளேருந்து ஒரு ரசாயனச் சேதி கிளம்பணும். அத மோப்பம் புடிச்சுத்தான் ரத்தக்குழாய விட்டு எறங்கி வரும். சில கட்டி சரியான அமுக்குணி. சேதியே விடாது. அப்போ இதுங்க, கூப்பிடாத சம்பந்தி மாதிரி வாசல்லயே நின்னு மொறச்சுட்டிருக்கும்.”

அவளையும் நாத்தனாரையும் கீரியும் பாம்பும் என்றால், கீரியும் பாம்பும் கோபித்துக்கொள்ளும். ஆனால் நாத்தனாருக்குக் கட்டி என்று தெரிந்ததிலிருந்து சாயக்கா வாயில் ஒரே தேன். “சாப்பிட்டியாம்மா? தூங்குனியாம்மா?” நாத்தனார் நடுங்கிப்போனாள். “அண்ணி, நீங்க இவ்ளோ நல்லா பேசுனா, டாக்டர் என்னமோ மறைக்கிறாருன்னு தோணுது.”

இன்று அந்தக் கட்டியே ஸ்லைடாக வந்தது. காவல் செல்கள் உள்ளே நுழைந்திருந்தால், அவற்றை உசுப்பிவிடும் புது ஊசி பலிக்க வாய்ப்பு அதிகம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சாயக்கா சாயம் ஏற்றினாள், கழுவினாள்.

“என்னக்கா, தொண்டை கட்டிருச்சா?” என்று பக்கத்து மேசைக்காரர் சீண்டினார்.

“ஒங்க வேலையப் பாருங்க.”

குனிந்து பார்த்தாள். விளிம்பில் பழுப்பு. விளிம்பில் மட்டும். ஸ்லைடை நகர்த்தினாள். நடுவில், நீலத்துக்குள்ளே, சர்க்கரை டப்பாவில் எறும்பு புகுந்த மாதிரி பழுப்போ பழுப்பு.

டாக்டரும் வந்து பார்த்தார். “நல்லா உள்ள போயிருக்கு. ஊசி ஆரம்பிச்சுடலாம். நாளைக்கு நானே சொல்றேன். அதுவரைக்கும் நீங்க வாயத் தொறக்கக் கூடாது.”

“நான் ஏன் சார் சொல்லப்போறேன்?”

வராந்தாவுக்குப் போய் நாத்தனாரைப் போனில் அழைத்தாள். “ஏண்டி, என் குக்கர எடுத்துட்டுப் போயி எத்தன மாசம் ஆகுது? சூடு சொரணை இருக்கா ஒனக்கு?”

அந்தப் பக்கம் ஒரு மூக்குறிஞ்சல். “மூடியே சேராத குக்கரு, அதுக்கு இவ்ளோ பீத்தலு! எல்லாம் ஒங்க பொறந்த வீட்டு லட்சணம் அண்ணி!”

திட்டு நீண்டுகொண்டே போனது. சாயக்கா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, சுவரில் சாய்ந்து, சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டாள்.