மணிக்கட்டுக்கு ஒரு சும்மாடு

தேயிலை விலை சரிந்த வருஷம், அரவேணுவில் எங்கள் தொழிற்சாலை அலுவலகத்தில் இரண்டு பேரை நிறுத்திவிட்டார்கள். அவர்கள் வேலையும் என் கணினிக்கே வந்தது. பாழாய்ப்போன மவுஸைப் பிடித்துப் பிடித்து மணிக்கட்டு வீங்கிவிட்டது. உண்மையைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று, வழுக்கி விழுந்ததாகப் புளுகினேன்.

லீவு கேட்க வந்த கொழுந்து பறிக்கும் பெண், என் கை மேஜை விளிம்பில் அழுந்துவதைப் பார்த்துவிட்டார்.

“ஏனுங்க, தலைல சும்மாடு வெக்காம நாங்க மூட்டை தூக்குவமுங்களா? கைக்கு ஒண்ணு வெய்யுங்க.”

விற்காமல் கிடந்த தேயிலைத் தூளைத் துணிப்பையில் போட்டுத் தைத்து, மணிக்கட்டுக்கு அடியில் வைத்தேன். நாலைந்து நாளில் வீக்கம் வடிந்தது. அப்பாடா என்றிருந்தது. அந்த வருஷம் எங்கள் தேயிலை உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அதுதான்.